வெயில் குடிக்குமா சாயத்தண்ணியை?

போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "வெயில் பட்டால் வேலை செய்கிற ஊக்கிகள் (தாம் செலவாகாமல் மற்றப் பொருட்களை மாற வைப்பவை) இருக்கின்றன, சாயத்தண்ணீரின் நிறத்தைக்கூடப் போக்கிவிடும்" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், நான் மந்திரித்த தண்ணீர் விற்கிறேன் என்று ஊர் நினைத்துவிட்டது போல இருக்கிறது. சரி, இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

*

கேள்வி: சேர், நாங்கள் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து கைத்தறி நிலையம் ஒன்று நடத்துகிறோம். நூலுக்குச் சாயம் போட்ட தண்ணீர் கிழமைக்கு இருநூறு லீற்றர் வரும். பின் வளவில் கிடங்கு வெட்டி அதற்குள்தான் ஊற்றுகிறோம். வெள்ளைத் தூள் ஒன்றைப் போட்டு வெயிலில் வைத்தால் தண்ணீர் தெளிந்துவிடும் என்று மகன் ஒரு வீடியோ காட்டினான். அந்தத் தூளை எங்கே வாங்கலாம், எவ்வளவு போட வேண்டும்?
– நெசவு நிலையப் பொறுப்பாளர், சண்டிலிப்பாய்

பதில்: தங்கச்சி, தூள் பிறகு. முதலில் அந்தக் கிடங்கு.

உங்கள் கிடங்குக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல், அதுவும் பொந்தும் வெடிப்புமான கல். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு வற்றாத ஆறு ஒன்றும் இல்லை, வழுக்கியாறு என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர அது ஓடுவது மாரியில் மட்டும். கல்லிடுக்கால் இறங்கிய மழைத்தண்ணீர் கீழே உப்புத்தண்ணீருக்கு மேல் ஒரு படையாக மிதக்கிறது, அதைத்தான் அள்ளிக் குடிக்கிறோம். 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். யாரோ எங்கேயோ நிலத்தில் விட்டது, யாருடையதோ வாளியில் ஏறி வந்தது. கிடங்கில் ஊற்றுகிறோம் என்றால் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குள் ஆறுதலாக ஊற்றுகிறோம் என்று அர்த்தம், நாளைக்கே மூடுங்கள்.

இனித் தூளுக்கு வருவோம். உங்கள் மகன் காட்டியது அநேகமாகத் தைத்தானியம் ஈரொட்சைட்டு. வீட்டுச் சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்ற்றுக்குள் இருப்பதும் அதுதான். ஜப்பானில் அக்கிரா புஜிஷிமாவும், அவர் பட்டப்பின் படிப்பு மாணவராக இருந்தபோது அவருடைய பேராசிரியராக இருந்த கெனிச்சி ஹொண்டாவும், இந்தப் பொருளில் ஒளி பட்டால் தண்ணீரே பிரிகிறது என்று 1972 இல் எழுதினார்கள், கதை அங்கேதான் தொடங்கியது. புறஊதா ஒளி பட்டவுடன் தூளுக்குள் இருக்கிற ஓர் இலத்திரன் தன் இடத்தை விட்டுத் துள்ளி எழும்பும். அது எழும்பின இடம் வெறுமையாகும். அந்த வெறுமை சும்மா இருக்காது, பக்கத்தில் நிற்கிற தண்ணீரிடம் பறித்து ஐதரொட்சில் மூலிகம் என்ற ஒன்றை உண்டாக்கும். எழும்பின இலத்திரன் காற்றிலிருந்து கரைந்த ஒட்சிசனிடம் போய்ச் சேரும். அந்த மூலிகத்துக்குக் கோபம் அதிகம், ஆயுள் குறைவு, ஒரு செக்கனின் நூறு கோடியில் சில பங்கு, மிஞ்சினால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதற்குள் எதிர்ப்பட்டதைக் கடித்துவிட்டுப் போய்விடும். சாயம் எதிர்ப்பட்டால் சாயத்தை, வேறு ஏதும் எதிர்ப்பட்டால் அதை.

இந்தக் கடைசி வசனத்தில்தான் உங்கள் பிரச்சினை இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், என் கதையைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் நானும் கிணற்றுக்கட்டில் போத்தல்களை அடுக்கி இதைச் செய்து பார்த்தேன். சிக்கனம் பார்த்து, பெயின்ற் கடையில் வெள்ளைத் தூள் வாங்கி வந்து நீலத் தண்ணீருக்குள் போட்டேன். காலை எட்டு மணிக்கு வைத்தது பின்னேரம் நான்கு மணிக்கும் அதே நீலம், போத்தலின் அடியில் மட்டும் தயிர் போல வெள்ளை. பிறகுதான் மண்டையில் உறைத்தது: பெயின்ற் செய்கிறவர்கள் இந்தத் தூள் ஒளியில் வேலை செய்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு துணிக்கைக்கும் சிலிக்காவும் அலுமினாவும் பூசித்தான் அனுப்புகிறார்கள். பூச்சுச் சரியில்லாத மலிவுப் பெயின்ற் அடித்த சுவரில் இரண்டு வெயிலுக்குப் பிறகு சாய்ந்தால் சேட்டில் மாவாக ஒட்டுமே, அதில் பாதிக் குற்றம் இந்தத் தூளுடையது, பெயின்ற்றின் பசையையே தின்றுவிடுகிறது. பல்கலைக்கழக நண்பர் ஒருவர் தந்த பூச்சில்லாத தூளில் ஒரு சிட்டிகை போட்ட பிறகு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் போத்தல் வெளிறிவிட்டது. சந்தோஷத்தில் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப இதைக் குடிப்பீங்களோ?"

குடிக்கவில்லை.

அந்தப் போத்தலில் இருந்தது ஒரு லீற்றருக்குப் பத்து மில்லிகிராம் சாயம், சுத்தமான தண்ணீர், வேறொன்றும் இல்லை. உங்கள் வாளியில் இருப்பது அப்படியா? பருத்தி நூலுக்கு நீங்கள் போடுவது ரியாக்டிவ் சாயம் என்று நினைக்கிறேன். அதில் நூலில் பிடிக்காமல் தண்ணீரோடு போவது சாயத்தையும் நிறத்தையும் பொறுத்து நூற்றுக்குப் பத்திலிருந்து ஐம்பது வரை. சாயத்தை நூலில் ஏற்ற உப்புப் போடுகிறீர்கள், கடும் நிறம் என்றால் லீற்றருக்கு ஐம்பது கிராமுக்கு மேல் போகும். பிடித்தது கழராமல் இருக்கச் சோடா போடுகிறீர்கள். ஐதரொட்சில் மூலிகம் பிறந்து கண் திறந்தால் முன்னால் நிற்பது சாயம் அல்ல, உப்பின் குளோரைட்டும் சோடாவின் காபனேற்றும்தான். கோபத்தை அதுகளில் காட்டி முடித்துவிடும். சாயம் தூளுக்குக் கிட்டப் போனால்தானே கடிபடும், அதுவும் நடக்காது. ரியாக்டிவ் சாயம் எதிர் ஏற்றம் (மறை மின்னேற்றம்) கொண்டது, காரத் தண்ணீரில் தூளின் மேற்பரப்பும் எதிர் ஏற்றம்தான், ஒன்றையொன்று தள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, கறுப்பாக இருக்கிற தண்ணீருக்குள் வெயில் எப்படிப் போகும்? வெயிலே போனாலும் அதில் இந்தத் தூளுக்குப் பயன்படுவது 387 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளம் மட்டும், மொத்த வெயிலில் நூற்றுக்கு நான்கு ஐந்து பங்கு. மீதி எங்கள் முதுகைத்தான் சுடும்.

இன்னொன்று, தண்ணீர் தெளிந்தாலும் உப்பு அப்படியே இருக்கும். எந்த ஒளியூக்கியும் உப்பைத் தின்னாது.

ஆகவே உங்கள் இருநூறு லீற்றருக்குத் தூள் வேண்டாம். நான் என்றால் ஆனையிறவு உப்பளத்தில் என்ன செய்கிறார்களோ அதைச் செய்வேன். வெடிப்பில்லாமல் சீமெந்து பூசி, உள்ளே தடித்த பொலித்தீன் விரித்து, முழங்கால் உயரமும் இல்லாத ஒரு தட்டைத் தொட்டி. வெயில் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு நாளைக்கு நான்கு ஐந்து மில்லிமீற்றர் தண்ணீர் ஆவியாகும், அதாவது ஒரு சதுர மீற்றருக்கு நான்கு ஐந்து லீற்றர். கிழமைக்கு இருநூறு என்றால் நாளைக்கு முப்பதுக்குக் கொஞ்சம் குறைவு. பத்தடிக்கு எட்டடித் தொட்டி போதும், உப்புத் தண்ணீர் கொஞ்சம் மெதுவாக வற்றும் என்பதால் இன்னும் இரண்டடி கூட்டிக் கட்டுங்கள். மேலே ஒளி விடுகிற கூரைத் தகடு ஒன்று, பக்கங்கள் திறந்தபடி, இல்லாவிட்டால் ஐப்பசி கார்த்திகை மழை தொட்டியை நிரப்பி வெளியே தள்ளிவிடும். அந்த மழை மாதங்களில் கடும் நிறங்களைத் தவிர்த்து வெளிர் நிறங்களை எடுங்கள். அடியில் மிஞ்சுகிற உப்புக் கட்டியை மண்ணில் புதைக்காமல் சாக்கில் கட்டி நனையாத இடத்தில் வைத்துவிட்டு, சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் போய் என்ன செய்வதென்று கேளுங்கள். உரிமம் வேண்டுமா என்றும் அதே நடையில் கேட்டுவிடலாம்.

முதலாவது அலசல் தண்ணீரை அடுத்த முறைச் சாயத்துக்கு அடித்தண்ணீராக எடுத்தால் உப்பும் மிஞ்சும், இருநூறு லீற்றர் நூற்றைம்பது ஆகவும் கூடும். ஒரே நிறத்தைத் தொடர்ந்து போடுகிற நாட்களில் மட்டும், இல்லையென்றால் மஞ்சள் நூல் பச்சையாக வரும், பிறகு எனக்கு ஏசாதீர்கள்.

*

கேள்வி: சாயத்தண்ணியைத் தென்னைக்கு ஊற்றினால் என்ன? தென்னைக்கு உப்பு நல்லது என்று சொல்வார்களே.
– பெயர் எழுதாத வாசகர், கொடிகாமம்

பதில்: தென்னை தாங்கும், தென்னைக்குக் கீழே இருக்கிற கிணறு தாங்காது. ஊற்றாதீர்கள்.

*

கேள்வி: நான் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு படிக்கிறேன். மெதிலீன் நீலக் கரைசலுக்குள் தைத்தானியம் ஈரொட்சைட்டு இட்டு இரண்டு மணித்தியாலத்தில் நிறமற்றதாக்கிக் கண்காட்சியில் வைத்தேன். நடுவர் ஒருவர் "நிறம் போனது சரி, சாயம் எங்கே போனது?" என்று கேட்டார். பதில் தெரியவில்லை. பரிசும் இல்லை. நான் என்ன பிழை விட்டேன்?
– மாணவன், சாவகச்சேரி

பதில்: தம்பி, அந்த நடுவரை எங்கே கண்டாலும் கும்பிட்டுவிட்டுப் போம். இந்தத் துறையில் கட்டுரை எழுதுகிற பெரிய ஆட்களிலும் பலர் அந்தக் கேள்விக்குள் விழுந்து எழும்பாதவர்கள்.

நிறம் போவதற்கு நான்கு வழி உண்டு. சாயம் தூளில் போய் ஒட்டியிருக்கலாம், அதற்கு வெயிலே தேவையில்லை. ஆகவே முதல் அரை மணித்தியாலம் இருட்டில் வைத்துக் கலக்கிவிட்டு, அப்போது எவ்வளவு நிறம் இருக்கிறதோ அதைத்தான் உம்முடைய ஆரம்பப் புள்ளியாக எடுக்க வேண்டும். இரண்டாவது, தூளே இல்லாமல் வெயிலில் சாயம் தானாக வெளிறியிருக்கலாம், கொடியில் காய்கிற சட்டை வெளிறவில்லையா? தூள் போடாத போத்தல் ஒன்றைப் பக்கத்தில் வைத்தீரா? மூன்றாவது கொஞ்சம் கள்ளத்தனமானது: மெதிலீன் நீலம் உடையாமலே ஐதரசனை ஏற்று நிறமற்ற வடிவத்துக்கு மாறி ஒளிந்துகொள்ளும். குளுக்கோசும் காரமும் போட்ட நீலப் போத்தல் பரிசோதனை பள்ளிக்கூடத்தில் காட்டியிருப்பார்களே, வைத்தால் வெளிறும், குலுக்கினால் நீலம் திரும்பும், அதே விளையாட்டு. உம்முடைய போத்தலைக் காற்றுப் படத் திறந்து நன்றாகக் குலுக்கிப் பாரும். நீலம் எட்டிப் பார்த்தால் சாயம் எங்கேயும் போகவில்லை.

நான்காவதுதான் உண்மையில் உடைவது. அதிலும் பாதி வழி உடைவும் முழு உடைவும் வேறு வேறு. துணிச்சாயங்களில் பெரும்பங்கு அசோ சாயங்கள், நடுவில் இரண்டு நைத்தரசன் கைகோத்து நிற்கும். அந்தக் கையை வெட்டினால் நிறம் போய்விடும், ஆனால் அனிலீனின் சொந்தக்காரர்களான அரோமற்றிக் அமைன்கள் மிஞ்சலாம். சிலது சாயத்தைவிட மோசம், கண்ணுக்கும் தெரியாது. சாயத்தண்ணீரைக் கண்டால் மாடு கூடக் குடிக்காது, இதை நாங்கள் நம்பிக் குடித்துவிடுவோம். காபனீரொட்சைட்டு வரை போனதா என்று அறிய, தண்ணீரில் மிஞ்சிய சேதனக் காபனை அளக்க வேண்டும். அது பள்ளிக்கூட ஆய்கூடத்தில் முடியாது. உங்கள் ஆசிரியர் ஊடாக, திருநெல்வேலியில் இருக்கிற யாழ் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் ஒன்று எழுதுங்கள்.

அடுத்த வருடம் மெதிலீன் நீலத்தை விடும். அது தானே ஒளியைக் குடித்துத் தூளுக்கு இலத்திரன் கொடுக்கும், யார் வேலை செய்தது என்று பிரிக்க முடியாது. நிறமே இல்லாத ஒரு பொருளை எடுத்து, ஆய்கூடத் தண்ணீரில் ஒருமுறையும் உங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஒருமுறையும் செய்து வேகத்தை ஒப்பிடும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இருகாபனேற்று எக்கச்சக்கம். அந்த வித்தியாசத்தை வரைபடமாகப் போட்டால், அதுதான் யாழ்ப்பாணத்து ஆய்வு. மற்றது எல்லா ஊரிலும் செய்கிறார்கள்.

யூரியாவை மூடியிட்ட புடக்குகையில் 550 பாகை அளவில் சூடாக்கினால் மஞ்சள் தூள் ஒன்று வரும், காபன் நைத்திரைட்டு, கண்ணுக்குத் தெரிகிற நீல ஒளியிலேயே வேலை செய்யும். தோட்டத்து யூரியாவில் ஊக்கி என்றால் நடுவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் சூடாக்கும்போது அமோனியா கக்கும், அம்மாவின் அடுப்பில் முயன்று பார்க்க வேண்டாம்.

*

கேள்வி: இவ்வளவு கஷ்டம் எதற்கு? கிணற்றுக்குப் போடுகிற குளோரின் தூளைச் சாயத்தண்ணிக்குப் போட்டால் நிறம் உடனே போகிறதே, நான் செய்து பார்த்தேன்.
– வாசகர், மானிப்பாய்

பதில்: போகும். உடைந்த சாயத் துண்டுகளில் குளோரின் ஏறிக்கொள்ளும், அது இன்னும் பிடிவாதமான சாமான், மண்ணிலும் லேசில் அழியாது. செய்து பார்த்ததை யாருக்கும் சொல்லித் தராதீர்கள்.

*

கேள்வி: புல்மோட்டை மணலில் தைத்தானியம் இருக்கிறது என்று சின்ன வயதில் படித்தோம். அதைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டுப் பெயின்ற் தூளை இறக்குமதி செய்கிறோம். ஏன் நாமே இந்த ஊக்கியைச் செய்யக் கூடாது? திருப்பூரில் இதைப் பாவிக்கிறார்களாமே?
– ரொறன்ரோவிலிருந்து ஒரு சுழிபுரத்தார்

பதில்: அண்ணை, முதல் பாதி சரி. புல்மோட்டையின் கறுப்பு மணல் இல்மனைற்று, இரும்பும் தைத்தானியமும் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிற கனிமம். பெரும்பாலும் மணலாகவே விற்கிறோம் என்பதும் மனவருத்தத்துக்குரிய உண்மைதான். ஆனால் இரும்பைக் கழற்ற ஒரு வழி, கந்தகவமிலத்தில் காய்ச்சுவது. கடைசியில் மிஞ்சுவது அமிலமும் இரும்புச் சல்பேற்றும் கலந்த கழிவுத் தண்ணீர், அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. மற்ற வழி குளோரின் வாயுவில் செய்வது, அதற்கு வேண்டிய முதலும் பாதுகாப்பும் வேறு ரகம். சாயத்தண்ணியைச் சுத்தம் செய்கிற தூளைச் செய்வதற்காக அதைவிட மோசமான தண்ணியைப் புல்மோட்டைக் கடலுக்குள் விடுவதென்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். உலகத்தில் இந்தத் தூளைக் குடித்துத் தீர்ப்பது பெயின்ற்றும் பிளாஸ்ரிக்கும் கடதாசியும்தான், ஊக்கிக்குப் போவது கையளவு.

திருப்பூர்க் கதை வேறு. நொய்யல் ஆறு சாயக் கழிவாகி, ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கி, விவசாயிகள் வழக்காடி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. திறக்க வேண்டுமென்றால் ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்பது நிபந்தனை. ஆகவே அங்கே நம்பியிருப்பது நுண்ணுயிர்த் தொட்டிகள், மென்சவ்வு வடிகட்டல், கடைசியில் மிஞ்சும் உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்து வற்றச் செய்கிற இயந்திரங்கள். மின்சாரச் செலவு கண்ணைக் கட்டும். சண்டிலிப்பாய்த் தங்கச்சிக்கு நான் சொன்ன தொட்டியும் அதேதான், மின்சாரத்துக்குப் பதிலாக வெயில்.

வெயிலை ஊக்கியோடு சேர்த்துப் பெரிய அளவில் பரிசோதித்த இடம் என்றால் ஸ்பெயினின் அல்மேரியாவைச் சொல்வேன். வளைந்த கண்ணாடிகளுக்கு நடுவில் குழாய் வைத்து அதற்குள் தண்ணீரை ஓட விடுகிறார்கள். அங்கேயும் தைத்தானியத்தோடு நிற்கவில்லை, இரும்பும் ஐதரசன் பேரொட்சைட்டும் சேர்க்கிற பென்ரன் முறைக்கும் போனார்கள். அது கண்ணுக்குத் தெரிகிற ஒளியில் ஒரு பங்கையும் பிடிக்கும், வேகமும் கூட. தண்ணீரை அமிலமாக்கிப் பிறகு திரும்ப நடுநிலையாக்க வேண்டும் என்பதுதான் தலையிடி.

*

கேள்வி: நான் சார்வோலையில் பெட்டி, பாய், தொப்பி பின்னி விற்கிறேன். ஓலையை மெஜந்தாவிலும் பச்சையிலும் அவித்து எடுத்த பிறகு பானையில் மிஞ்சுகிற தண்ணீரை வேலிக்கரையில் ஊற்றுவேன். உங்கள் வரியைப் படித்த பிறகு ஊற்ற மனமில்லை. இப்போது மூன்று வாளி சேர்ந்து நிற்கிறது. ஒரு வழி சொல்லுங்கள். பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டிக்கும் கலர் போட்டுத் தரச் சொல்லி ஆட்கள் கேட்கிறார்கள், போடலாமா?
– பனையோலைக் கைப்பணியாளர், பருத்தித்துறை

பதில்: அக்கா, வந்த கடிதங்களுக்குள் வெயில் ஊக்கி உண்மையிலேயே சரிவருகிற இடம் உங்கள் வாளிதான்.

ஓலைக்குப் போடுகிற அந்த மெஜந்தாவும் பச்சையும் அநேகமாக 'பேசிக்' வகைச் சாயங்கள், நேர் ஏற்றம் கொண்டவை. கிள்ளி எடுத்தால் ஒரு பானைக்குக் காணும், உப்பு வேண்டாம், சோடா வேண்டாம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் காரப் பக்கம், அதில் தூளின் மேற்பரப்பு எதிர் ஏற்றத்தோடு நிற்கும், சாயத்தைத் தானே இழுத்து வைத்துக்கொள்ளும். நெசவுக்காரத் தங்கச்சிக்குப் பாதகமாக இருந்ததெல்லாம் உங்களுக்குச் சாதகம்.

ஆனால் முதல் வேலை வேறு. பானை ஆறின பிறகு, பின்னும்போது வெட்டி எறிகிற ஓலைத் துண்டு, ஈர்க்கு, கிழிசல் எல்லாவற்றையும் ஒரு பிடி பிடியாக அந்தத் தண்ணீருக்குள் அமுக்கி மேலே ஒரு கல்லை வைத்து இரவு முழுக்க விடுங்கள். இந்த வகைச் சாயத்துக்கு ஓலை என்றால் உயிர், சூடு இல்லாவிட்டாலும் மெல்ல மெல்ல ஏறிவிடும். விடியப் பார்த்தால் கடும் மெஜந்தா ரோசாவாக இறங்கியிருக்கும். இறங்காவிட்டால் துண்டை மாற்றி இன்னொரு இரவு. அந்தத் துண்டுகளைக் காயவைத்துச் சின்னப் பூ, காதுத் தோடு ஏதும் செய்யலாம், எரிக்க வேண்டாம்.

மிஞ்சுகிற வெளிர் ரோசாத் தண்ணீருக்குத்தான் வெயில். தூளாகப் போட்டால் பிறகு அதை வடிக்க முடியாது, பால் போலக் கலங்கி நாட்கணக்கில் நிற்கும். உலர்ந்த தூள் பறந்து மூச்சுக்குள் போவதும் நல்லதல்ல. அதனால் கண்ணாடியில் பூசிச் சுட்ட தகடாக வாங்க வேண்டும், 450 பாகைக்கு அருகில் சுட்டால் நன்றாக ஒட்டிக்கொள்ளும். யாழ் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையில் சூரியக் கலத்துக்காக இதே பொருளைக் கண்ணாடியில் பூசுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், கேட்டால் நான்கு தகடு சுட்டுத் தர மாட்டார்களா என்ன. தகட்டைத் தட்டையான தாம்பாளத்தின் அடியில் வைத்து, தண்ணீரை இரண்டு விரல் உயரத்துக்கு மேல் விடாமல், காலையிலிருந்து பின்னேரம் வரை முற்றத்தில் வையுங்கள். இடைக்கிடை அகப்பையால் கலக்கிவிட்டால் காற்றுச் சேரும், காற்றில்லாமல் இந்த வேலை நடக்காது. நிறம் முழுவதும் போன பிறகும் இன்னும் இரண்டு வெயில் விடுங்கள், ஏன் என்று சாவகச்சேரித் தம்பிக்கு எழுதியதில் இருக்கிறது. உங்கள் பச்சை, மலகைற் கிறீன் என்ற சாயம் என்றால் கூடுதல் கவனம், மீனுக்கு நஞ்சு அது, கடற்கரை ஊரில் இருக்கிறீர்கள்.

நீத்துப்பெட்டிக்கு மட்டும் கலர் போடாதீர்கள். ஆவி பட்டவுடன் சாயம் இறங்கிப் பிட்டு ரோசா நிறத்தில் வரும். ஆட்கள் கேட்டால் வெறும் ஓலையில் பின்னி, விளிம்பில் மட்டும் ஈர்க்கு வைத்து வடிவாகக் கட்டிக் கொடுங்கள்.